கொரங்காட்டிலிருந்து பால்: நான்கு மாட்டில் இயற்கைப் பால் பண்ணை அமைப்பது எப்படி?

"இயற்கை முறையில் பால் பண்ணை வைக்கலாம்னு இருக்கேனுங்க, எந்த மாடு வாங்கட்டும்?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். மாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம், உங்கள் காட்டில் இப்போது என்ன புல் நிற்கிறது என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. முதலில் மாடு வாங்கி, பிறகு தீவனம் தேடி, கடைசியில் மூட்டைத் தீவனத்துக்குக் கடன் சொல்லும் பண்ணை எத்தனையோ பார்த்துவிட்டேன். அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். புல் முதலில், மாடு பிறகு, பால் கடைசி.

நான் எழுதுவது காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்து மானாவாரி நிலத்தை வைத்து. ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து தீர்ந்துவிடும். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு இதில் சில கணக்குகள் மாறும்.

முதல் படி: நிலம் எத்தனை மாடு தாங்கும்?

காங்கேயம் பசு ஒன்று சுமார் 300 கிலோ இருக்கும். உடல் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம் உலர்தீவனக் கணக்கில் அதற்குத் தினமும் வேண்டும். அதாவது ஏழரை முதல் ஒன்பது கிலோ. பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். 15 கிலோ பசும்புல் போட்டால் உள்ளே போவது 3 கிலோ. மீதியைத் தட்டோ (காய்ந்த சோளத் தாள்) மேய்ச்சலோதான் கொடுக்க வேண்டும்.

மேய்ச்சலை மட்டும் நம்பினால் இங்கே இரண்டு ஏக்கருக்கு ஒரு மாடு என்பதே என் கணக்கு. ஏக்கருக்கு ஒன்று என்று போட்டவர்கள் மழை பொய்த்த வருஷம் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தட்டும் கொஞ்சம் பசுந்தீவனமும் சேர்த்தால் ஐந்து ஏக்கரில் நான்கு பசுவும் அவற்றின் கன்றுகளும் பிழைக்கும். மூன்று ஏக்கர் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம், ஒன்றரை ஏக்கர் தட்டுச்சோளம், கிணற்றுப் பாசனத்தில் 40 சென்ட் பசுந்தீவனம், மிச்சம் மாடு கட்டும் கட்டுத்தரையும் எருக்குழியும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஐந்து ஏக்கரை மனதில் வைத்துத்தான்.

இரண்டாம் படி: கொரங்காடு

கொரங்காடு தெரியாதவர்களுக்கு: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். உழவில்லை, பாசனமில்லை, உரமில்லை. காங்கேயம் இனம் உருவானதே இந்த வேலிக்குள்தான். மாட்டை உள்ளே விட்டு வேலி வாசலான கடவை அடைத்தால் மேய்ப்பவர்கூட வேண்டாம், அது பாட்டுக்கு மேயும்.

உங்களிடம் பழைய கொரங்காடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் மழைக்கு முன்பே வேலி. கிளுவையை விதைத்து வளர்க்க வேண்டாம், போத்து (கிளைத் துண்டு) வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக ஊன்றுங்கள். முதல் வருஷம் இடைவெளியில் ஆடு நுழையும், எனவே காய்ந்த முள்ளை அடைத்து வைக்க வேண்டியிருக்கும். கம்பிவேலி போட்டால் ஒரே நாளில் வேலை முடியும், உண்மைதான். ஆனால் கம்பியில் குருவி கூடு கட்டாது, கோடையில் ஆட்டுக்குத் தழையும் கிடைக்காது.

கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புதிதாக உருவிய விதை முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் உறங்க வைத்த விதைதான் நன்றாக முளைக்கும். விதை பஞ்சு போல லேசாக இருப்பதால் கையில் எடுத்து வீசினால் காற்று கொண்டு போய்விடும். ஈர மணலில் பிசறித் தூவுங்கள். ஆழமாகப் புதைக்கக் கூடாது, மேலாக ஒரு முள்கட்டையை இழுத்துவிட்டால் சரி. முதல் வருஷம் மாட்டை உள்ளே விடவே விடாதீர்கள். புல் பூத்து, விதை கொட்டி, தூர் கட்டட்டும்.

வெள்வேல் மரத்தை நிழலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மரத்தடியில் புல் சாகாது, இலை அத்தனை சிறிது. கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது அதன் காய் உதிரும். மாடு மரத்துக்கு மரம் நடந்து பொறுக்கித் தின்னும்.

மூன்று ஏக்கரையும் ஒரே துண்டாக விட்டால் மாடு பிடித்த புல்லை வேரோடு மேய்ந்து, பிடிக்காததை விட்டுவிடும். வேலியால் மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள். மேய்ந்து மேய்ந்து புல் நான்கு விரல் உயரத்துக்கு இறங்கியதும் அடுத்த துண்டு. சீமைக்கருவேலங் கன்று கண்ணில் பட்டால் அன்றே வேரோடு பிடுங்கிவிடுங்கள். மாடு அதன் காயைத் தின்று சாணியில் விதையைப் போட்டுவிடும், இரண்டு வருஷத்தில் கொரங்காடு காணாமல் போகும். பார்த்தீனியமும் அப்படியே. மாடு அதைத் தின்றால் பாலே கசக்கும்.

மூன்றாம் படி: தட்டும் பசுந்தீவனமும்

மேய்ச்சல் நன்றாகக் கிடைப்பது வருஷத்தில் ஐந்து மாதம். மீதி 200 நாளுக்கு மாட்டுக்குத் தினமும் 5 கிலோ தட்டு என்றால் தலைக்கு ஒரு டன். நான்கு மாட்டுக்கு நான்கு டன். மானாவாரிச் சோளம் ஒன்றரை ஏக்கரில் மூன்று டன் எடுக்கலாம். குறையும் ஒரு டன்னை, மருந்தடிக்காத பக்கத்துக் காட்டுக்காரரிடம் அறுவடையின்போதே பேசி வாங்கிவிடுங்கள். பங்குனியில் தேடிப் போனால் விலை இரட்டிப்பாகியிருக்கும்.

சோளத்தில் ஒரு எச்சரிக்கை. இளம்பயிரில் சயனைடு விஷம் உண்டு. பூட்டை (கதிர்) வருவதற்கு முன்னால், குறிப்பாக வெயிலில் வாடி நிற்கும் பயிரிலும் அறுத்த கட்டையில் விட்ட மறுதளிரிலும் அது அதிகம். எங்கள் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் முழங்கால் உயரச் சோளத்தில் கால்மணி நேரம்தான் மேய்ந்தது. வாயில் நுரை தள்ளி, மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. டாக்டர் அரைமணி நேரத்தில் வந்து நரம்பில் ஊசி போட்டதால் பிழைத்தது. இதற்குக் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

பசுந்தீவனத்துக்கு 30 சென்ட் கம்பு நேப்பியர் புல், கோ-5 ரகக் கரணை. ரசாயன உரம் இல்லாமல் தொழுவுரத்திலும் சாணக் கரைசலிலும் இதில் நான்கு மாட்டுக்குத் தினம் 15 கிலோ வீதம் அறுக்கலாம். மீதி 10 சென்டில் வேலிமசால். வரப்பில் அகத்தியும் சவுண்டலும் (சூபாபுல்). புரதம் இவற்றில்தான் வரும், பிண்ணாக்குச் செலவைக் குறைப்பதும் இவைதான். சவுண்டலை மட்டும் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். தண்ணீரில் வளர்க்கும் அசோலாத் தீவனம் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் சித்திரை வெயிலில் இரண்டு முறை கருகியது, நான் விட்டுவிட்டேன்.

நான்காம் படி: மாடு

இப்போது மாடு. காங்கேயம் பசு கன்றுக்கு விட்டது போக நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் கறக்கும். அவ்வளவுதான். காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் (பரம்பரை நிலக்கிழார்கள்) தேர்ந்தெடுத்து வளர்த்தது ஏருக்கும் பாரவண்டிக்கும் ஏற்ற இனத்தை. பத்து லிட்டர் கறக்கும் காங்கேயம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு எதற்கு இது? மூன்று காரணம். இந்த வெயிலிலும் வறண்ட புல்லிலும் இதற்கு உடம்பு இளைக்காது. உண்ணி, மடிநோய் தொல்லை கலப்பினத்தைவிடக் குறைவு, அதனால் மருந்தும் குறைவு. மூன்றாவது, காளைக்கன்று. கலப்பினப் பண்ணையில் காளைக்கன்று பிறந்தால் முகம் வாடும். இங்கே நல்ல காளைக்கன்று ஒன்று அந்த ஈத்தின் பால் வருமானத்துக்கு ஈடு கொடுக்கும். பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

பால் வருமானம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் நான்கில் ஒன்றை ஜெர்சி கலப்பினமாக வைத்துக்கொள்ளலாம். இயற்கைப் பண்ணையில் கலப்பினம் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கறுப்பு வெள்ளை ஹெச்.எஃப். கலப்பினம் மட்டும் இந்தச் சமவெளி வெயிலுக்கு வேண்டாம்.

வாங்கும்போது இரண்டாம் ஈத்துப் பசுவாகக் கன்றோடு வாங்குங்கள். விலை பேசும் முன் இரண்டு வேளை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கறந்து பாருங்கள். நான்கு காம்பிலும் பால் சமமாக வருகிறதா, மடியில் கட்டி இருக்கிறதா என்று கையால் பாருங்கள். நான்கையும் ஒரே மாதத்தில் சினையாக்காமல் இரண்டு இரண்டாகப் பிரித்தால்தான் வருஷம் முழுவதும் பால் இருக்கும். பக்கத்தில் நல்ல பூச்சிக்காளை (பொலிகாளை) இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் காங்கேயம் சினை ஊசி கேளுங்கள்.

ஐந்தாம் படி: கட்டுத்தரை

இதற்குப் பெரிய செலவு செய்யாதீர்கள். கிழக்கு மேற்காக நீண்ட கூரை, பக்கச் சுவர் வேண்டாம், காற்று ஓட வேண்டும். தரை மண்ணாகவே இருக்கலாம், மூத்திரம் வடிய லேசான சரிவு போதும். கூரை ஓலை அல்லது ஓடு, தகரம் என்றால் மேலே தட்டு பரப்பிவிடுங்கள். தண்ணீர்த் தாளி எப்போதும் நிறைந்திருக்கட்டும், வாரம் ஒருமுறை உள்ளே சுண்ணாம்பு பூசுங்கள். கோடையில் ஒரு மாடு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

ஆறாம் படி: பிண்ணாக்கில் கவனம்

இயற்கைப் பால் என்று சொல்லிக்கொள்ளும் பல பண்ணைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கொங்கில் பால்மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைக்காத வீடு இருந்ததில்லை. ஆனால் 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தது, இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். மரபணு மாற்றிய தீவனத்தை இயற்கைச் சான்று விதிகள் ஏற்காது. ஆகவே கடையில் வாங்கும் பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும் வேண்டாம். பாட்டி வைத்த தீவனம்தானே என்று வாதாடிப் பயனில்லை, பாட்டி வைத்த பருத்தி வேறு.

அடுத்தது கடலைப் பிண்ணாக்கு. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். மாடு தின்றால் அது உருமாறிப் பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அதில் 5.7 சதவீத மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தண்ணீர் கலப்படத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் இதைப் பேசுவதில்லை. பிண்ணாக்கை ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். உடைத்து மோந்து பாருங்கள், மக்கிய வாடை அடித்தால் காசுக் கணக்குப் பார்க்காமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

என் கலவை இது: கம்பும் சோளமும் அரைத்தது ஒரு பங்கு, எள்ளுப் பிண்ணாக்கு அரைப் பங்கு, கொள்ளுப் பொட்டோ பாசிப்பயறுப் பொட்டோ (உடைத்த பயறின் தோல், நொய்) ஒரு பங்கு, தவிடு அரைப் பங்கு. கறவை மாட்டுக்கு ஒன்றரை கிலோ, வற்றிய மாட்டுக்கு ஒரு கிலோ. தாது உப்புக் கலவை தினம் 30 கிராம். யூரியா கலந்த தீவனம் எதையும் உள்ளே விடாதீர்கள்.

ஏழாம் படி: கறவை

காங்கேயம் பசு கன்று இல்லாமல் பால் விடாது. காலை ஐந்தரைக்குக் கன்றை அவிழ்த்தால் அது நேரே மடிக்கு ஓடி, தலையால் இரண்டு முட்டு முட்டும். நான்கு காம்பையும் மாற்றி மாற்றிச் சப்பும். ஒரு நிமிஷத்தில் கன்றின் கடைவாயில் வெள்ளை நுரை தெரியும், மடி விம்மிக் காம்பு தடிக்கும். அப்போது கன்றை இழுத்துத் தாயின் முகத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட வேண்டும். தாய் கன்றை நக்கிக்கொண்டே நிற்கும், நீங்கள் கறக்கலாம். ஏழெட்டு நிமிஷம்தான், அப்புறம் பாலை இழுத்துக்கொள்ளும். ஒரு காம்பைத் தொடாமல் விட்டு, கடைசியில் கன்றை அவிழ்த்து விடுங்கள். இந்தக் கன்றின் பங்கில் கை வைத்தால் ஆறு மாதம் கழித்து அதன் விலையில் தெரியும். பால் இறங்கவில்லை என்று ஆக்ஸிடோசின் ஊசிக்குப் போவது சட்டப்படியும் குற்றம்.

பிறந்த கன்றுக்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது. கன்று சாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கறக்கும் முன் மடியைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக இருந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது. அந்தக் காம்புப் பால் பாத்திரத்துக்குப் போகக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம்தான், பிளாஸ்டிக் வேண்டாம்.

எட்டாம் படி: நோய் வந்தால்

இயற்கைப் பண்ணை என்றால் ஊசியே கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி, கிடேரிக் கன்றுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்க்கு ஒரே ஒருமுறை. இரண்டும் அரசு மருந்தகத்தில் இலவசம். சான்று விதிகளும் தடுப்பூசியைத் தடுப்பதில்லை.

மடிநோய்க்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மரபுசார் மூலிகை மருத்துவ மையம் வழியாகப் பரவிய மருந்து இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், சேர்த்து அரைத்தால் செக்கச் சிவப்பாக வரும். அதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் தளர்த்தி, பாலை முழுக்கப் பீச்சிவிட்டு, கழுவிய மடி முழுவதும் பூசவும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். இரண்டு முறை பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். காய்ச்சல் அடித்தாலோ பாலில் இரத்தம் வந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். மாடு துடிக்கும்போது கொள்கை பேசக் கூடாது. ஆன்டிபயாடிக் போட்டால் மருந்துக்கு உரிய விலக்கு நாட்களை இரட்டிப்பாக்கி, அதுவரை பாலை விற்காமல் இருந்தால் சரி.

டாக்டர் வலி ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேளுங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுக் கழுகுகளை (பிணந்தின்னிக் கழுகு) கொன்று தீர்த்தது. 2006-இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைக்குள் வந்தன. மெலாக்சிகாம் கழுகுக்குக் கேடு செய்யாது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளுக்கு நம் கட்டுத்தரையிலிருந்து செய்யக்கூடியது இந்த ஒரு கேள்விதான்.

குடற்புழு மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். சாணியைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முட்டை இருந்தால் மட்டும் கொடுங்கள். ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் சாணி வண்டு பிழைக்காது. நம்பாவிட்டால் மழை பெய்த மறுநாள் கொரங்காட்டில் ஒரு சாணிப் பொத்தையைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். நல்ல காட்டில் அது சல்லடையாகத் துளைத்திருக்கும், கறுப்பு வண்டுகள் உருட்டி உள்ளே கொண்டு போய்க்கொண்டிருக்கும். ஓடு போலக் காய்ந்து அப்படியே கிடந்தால், மருந்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

உண்ணிக்கு நான்கைந்து நாட்டுக்கோழியைக் கட்டுத்தரையில் விடுங்கள். மேய்ச்சலில் உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் கூடவே வரும், விரட்டாதீர்கள்.

ஒன்பதாம் படி: சாணி

கட்டுத்தரையில் விழும் சாணி நான்கு மாட்டுக்குத் தினம் 30, 40 கிலோ தேறும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு 25 கிலோ போதும், சமையலுக்கு ஆகும். வெளிவரும் கரைசலை நேப்பியருக்கு விட்டுவிடுங்கள். மிச்சச் சாணி நிழலில் எருக்குழிக்கு.

பத்தாம் படி: சான்றும் விற்பனையும்

சான்று இரண்டு வழியில் கிடைக்கும். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் போகலாம், 2015-இல் கால்நடைக்கும் விதிகள் சேர்ந்தன. கோவையில் இருக்கும் தமிழக அரசின் அங்கக (இயற்கை வேளாண்மை) சான்றளிப்புத் துறையில் விசாரியுங்கள். இல்லையென்றால் பக்கத்து விவசாயிகள் ஐந்து பேராவது சேர்ந்து, ஒருவர் பண்ணையை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை, பி.ஜி.எஸ். இதில் செலவு மிகக் குறைவு. எதுவானாலும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். எந்த மாட்டுக்கு என்ன மருந்து, எங்கிருந்து என்ன தீவனம், தேதியோடு. நோட்டு இல்லாதவருக்குச் சான்று இல்லை. நேரடியாக விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும், வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம்.

இரண்டு மாடு கறவையில் இருந்தால் ஐந்து லிட்டர் பால். பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றினால் கொழுப்பும் அடர்த்தி டிகிரியும் பார்த்து எல்லோருக்கும் தரும் விலைதான் உங்களுக்கும். அந்த விலையில் இந்தப் பண்ணை நிற்காது. பத்து வீடு பிடியுங்கள், வீட்டுக்கு அரை லிட்டர். திருப்பூர், ஈரோடு என்று ஒரு மணி நேரத் தொலைவுக்குள், கறந்த நான்கு மணி நேரத்துக்குள் பால் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் அவர்களைக் காட்டுக்கு அழைத்து வாருங்கள், அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், பச்சைப் பால் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஏ2 (நாட்டு மாட்டுப் பாலுக்குச் சொல்லும் புரத வகை) என்று போட்டு விற்கும் ஆசையையும் நான் வளர்க்க மாட்டேன். உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஆகஸ்டில் அந்த முத்திரையை நீக்கச் சொல்லி, சில நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அப்படி ஆடும் கிளையில் ஏன் உட்கார வேண்டும்? மீந்த பாலைத் தயிராக்கி, வெண்ணெய் எடுத்து நெய்யாக உருக்குங்கள்.

மழை பொய்த்தால்

பொய்க்கும். ஐந்து வருஷத்தில் ஒருமுறையாவது. மாசி கடைசியில் தட்டுப்போரை அளந்து பாருங்கள். மிச்சம் ஆடி வரைக்கும் வராது என்று தெரிந்தால், வட்டிக்கு வாங்கித் தீவனம் போடுவதைவிட ஒரு மாட்டைக் குறைப்பதே நல்லது. எனக்கு ஒருமுறை அதற்கு மனசு வரவில்லை, நான்கும் எலும்பாகி, அடுத்த ஈத்தில் இரண்டு சினையே பிடிக்கவில்லை. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை சித்திரையில் கூடும். காங்கேயம் மாட்டுக்கு நல்ல கை தேடி வரும் இடம் அது. உடம்பு இளைக்கும் முன், மூத்த பசுவைக் குளிப்பாட்டி, புதுக் கயிறு மாற்றி அங்கே ஓட்டிப் போங்கள். கிடேரியை மட்டும் விற்காதீர்கள்.